ஓடைக்கு மேலே 140 மில்லிமீட்டர்

நேற்று இரவு என் மாதிரி ரயிலின் எஞ்சின் ஒன்பது சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தது. தடம் புரளவில்லை. அப்படியே பின்னோக்கித் தள்ளினேன், அப்போதும் புரளவில்லை. இருபது முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன். இதற்கு முன் இரண்டு முறை "முடிந்தது" என்று நினைத்து, இரண்டு முறையும் மூன்றாவது பெட்டி ஓடைக்குள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிவைக் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

வேலை இதுதான்: சிறிய ஓடை ஒன்றின் மேல் நிற்கும் பழைய ரயில்பாதைக் கர்டர் (இரும்பு உத்தரம்) பாலத்தை எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில், தகடு தகடாக வெட்டிச் செய்வது. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. உள்ள மாதிரிப் பாதை. இதே நீளத்தில் ஆயத்தப் பிளாஸ்டிக் கிட் கிடைக்கும், ஒரு மாலையில் ஒட்டிவிடலாம். ஆனால் நான் பார்த்துவிட்டு வந்த பாலம் அதில் இல்லை.

அந்தப் பாலம் கைவிடப்பட்ட ஒரு கிளைப்பாதையில் இருக்கிறது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். இரண்டு கர்டர்களும் இரு பக்கக் கருங்கல் சுவர்களும் அப்படியே நிற்கின்றன. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினேன். (வண்டி ஓடும் பாதையில் இந்த வேலையே வேண்டாம்.) நீளத்தை டேப் வைத்து அளந்தேன்: 12.2 மீட்டர். உயரம் கைக்கு எட்டவில்லை. ஒரு மீட்டர் கம்பில் 10 செ.மீ.க்கு ஒரு பட்டை என்று சிவப்பும் வெள்ளையும் அடித்து, கர்டர் மேல் சாய்த்து வைத்து, எதிர்க்கரையிலிருந்து படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து படத்தில் கணக்குப் போட்டதில் 1.22 மீட்டர் வந்தது. கர்டர்களுக்கு இடையே 2 மீட்டர். கர்டரின் தகடு நெளியாமல் இருக்க முகத்தில் நெட்டுக்குத்தாக வைக்கும் 'எல்' வடிவ இரும்புகள், அதாவது ஸ்டிஃப்னர் ஆங்கிள்கள், 1.2 மீட்டருக்கு ஒன்று. இரண்டு ஸ்டிஃப்னர்களுக்கு நடுவே கீழ்வரிசையில் பதின்மூன்று ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்கும் உருண்டைத் தலை ஆணிகள்).

ரிவெட்டை எண்ணியதற்குக் காரணம் உண்டு. 1950களுக்கு அப்புறம் பாலங்களில் வெல்டிங்கும் உயர்வலிமை போல்ட்டும் மெல்ல மெல்ல வந்துவிட்டன. பழைய பாலம் பழையதாகத் தெரிவதே ரிவெட்டால்தான். ஒருவர் உலையில் சிவக்கச் சுட்டு எறிவார், ஒருவர் வாளியில் பிடித்துத் துளையில் செருகுவார், ஒருவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பார், ஒருவர் தலையை அடித்து உருட்டுவார். ஒரு ரிவெட்டுக்கு நான்கு பேர். 1:87இல் எனக்கு அந்த நாலு பேரும் நானே.

அளவை எல்லாம் 87ஆல் வகுத்தால்: நீளம் 140 மி.மீ., உயரம் 14, கர்டர்களுக்கு நடுவே 23, ஃபிளாஞ்ச் (கர்டரின் மேலும் கீழும் படுக்கையாக இருக்கும் பட்டை) அகலம் 3.5, ஸ்டிஃப்னர் இடைவெளி 14, ஸ்டிஃப்னர் ஆங்கிளின் பக்கம் 1 மி.மீ. ரிவெட் தலை 0.4 மி.மீ. உண்மையான நடுத்தகட்டின் தடிமனை இந்தக் கணக்கில் போட்டால் 0.1 மி.மீ.தான் வரும். அது காகிதம். நான் 0.75 மி.மீ. ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடு எடுத்துக்கொண்டேன். தடிமன் பாலத்தின் முனையில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே முதல் தப்பைச் செய்தேன். பாலத்தைச் செய்வதற்கு முன் ஓடையைச் செய்தேன். 50 மி.மீ. ஃபோம் பலகையை இரண்டு அடுக்காக ஒட்டி, பள்ளம் வெட்டி, இரு கரையிலும் முனைச்சுவர்களை நிறுத்தி, அவற்றை ஃபோமோடு சேர்த்து ஒட்டியும்விட்டேன். கரையைப் பார்த்தால் உற்சாகம் வருமே, அந்த ஆசைதான். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

சுவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அட்டைப்பெட்டியில் 12 மி.மீ. கனத்துக்கு வார்த்து, இன்னும் ஈரம் இருக்கும்போதே கல்வரிசைகளைக் கீறினேன். வார்த்த அரைமணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் பிளாஸ்டர் பாலாடைக்கட்டி மாதிரி வெட்டுப்படும். மறுநாள் கீறினால் ஓரம் உதிரும். வரிசை உயரம் 4.5 மி.மீ., நிஜத்தில் 40 செ.மீ. கல். ஒரு சுவரில் நெட்டு இணைப்புகள் மூன்று வரிசைக்கு ஒரே கோட்டில் வந்துவிட்டன. எந்தக் கொத்தனாரும் அப்படிக் கல் வைக்கமாட்டார். ஈரப் பிளாஸ்டரை விரலால் தேய்த்து அடைத்துவிட்டு மறுபடி கீறினேன். கர்டர் உட்காரும் இடத்தில் மட்டும் பெரிய ஒற்றைக் கல்லாக, படுக்கைக் கல், தனியாக ஸ்டைரீனில் வெட்டிப் பதித்தேன். இந்த ஒரு முடிவு பின்னால் என்னைக் காப்பாற்றியது. படுக்கைக் கல்லையும் பிளாஸ்டரில் வார்த்திருந்தால் சுவரையே உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

சரி, கர்டருக்கு வருவோம்.

ஒரு கர்டரின் வெளிமுகத்துக்கு மேல்வரிசை 140, கீழ்வரிசை 140, பதினொரு ஸ்டிஃப்னரில் தலைக்குப் பதினொன்று. ஆக 401 ரிவெட். உள்முகம் கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். 0.25 மி.மீ. தகட்டைக் கவிழ்த்து வைத்து ஊசியால் குத்தினால் மறுபக்கம் சின்னக் குமிழ் எழும். அதுதான் ரிவெட். முதலில் தையல்காரர்கள் துணியில் புள்ளி வைக்கும் பல்சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். பல்லுக்குப் பல் 2.5 மி.மீ. கிட்டத்தட்ட இருந்தது, பாலம் சட்டைப் பித்தான் மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கையால் குத்தினேன். ஐம்பது குத்துக்குப் பிறகு கை தளர்கிறது, குமிழ்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. பொறுமையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு முழுப் பட்டைகள் குத்தி முடித்தேன். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் எந்த இடத்தில் தேநீர் குடிக்க எழுந்தேன் என்பதுகூடத் தெரிந்தது.

அப்போதுதான் கருவி செய்ய உட்கார்ந்தேன். இந்த வேலையில் எனக்குப் பெருமை தரும் ஒரே பகுதி இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள, போல்ட்டின் மரைக்கு மரை தூரம் சரியாக 1 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு 1 மி.மீ. நகரும். எனக்கு வேண்டிய ரிவெட் இடைவெளியும் 1 மி.மீ. 200 மி.மீ. மரைக்கம்பி ஒன்றை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே சுழலும்படி மாட்டினேன். அதில் ஒரு நட்டு, நட்டின் மேல் ஒட்டிய அலுமினியச் சட்டம், சட்டத்தின் மேல் ஸ்டைரீன் தகடு. கம்பியின் முனையில் ஒரு கைப்பிடி. கைப்பிடி மேலே வரும்போதெல்லாம் ஒரு குத்து. குத்துவதற்கு, ரீஃபில் எடுத்த பழைய பால்பேனாக் குழாயை நெட்டாக நிறுத்தி, அதற்குள் ஊசி, ஊசியின் தலையில் 25 கிராம் ஈயத்துண்டு. ஈயத்தைக் குறித்த உயரம் வரை தூக்கி விட்டுவிட வேண்டும், கையால் அழுத்தக் கூடாது. விழும் உயரம் ஒன்றாக இருந்தால் குமிழும் ஒன்றாக இருக்கும்.

உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. 8 மி.மீ.யிலிருந்து விழுந்தால் வெறும் தடம். 20 மி.மீ. ஓட்டை போட்டது. 12 மி.மீ. சரியாக வந்தது. ஊசிமுனையை எண்ணெய்க்கல்லில் தேய்த்து மொட்டையாக்க வேண்டும், கூராக இருந்தால் எந்த உயரத்திலும் கிழிக்கும். அடியில் எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம். கண்ணாடி வைத்தால் குமிழே எழாது, அட்டை வைத்தால் சுற்றிலும் குழி விழும். வெட்டுப்பலகை என்று விற்கும் அந்தப் பச்சை ரப்பர்ப் பாய்தான் ஒத்துவந்தது.

இன்னொன்று: மரைக்கம்பியை ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். எண்ணிக்கை தவறி ஒரு சுற்று பின்னால் திருப்பினால் நட்டுக்கும் மரைக்கும் நடுவே உள்ள தளர்ச்சியால் அடுத்த ரிவெட் கால் மி.மீ. தள்ளிப்போகும். கால் மி.மீ.தானே என்று தோன்றும். வரிசையில் அது பல் விழுந்த வாய் மாதிரித் தெரியும். எண்ணிக்கை தவறினால் அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

கருவி செய்ய ஒன்பது மணி நேரம். அதற்குப் பிறகு ஒரு கர்டருக்கான 401 ரிவெட்டும் முக்கால் மணியில். மூலப் பாலத்தில் ஸ்டிஃப்னர்களுக்கு நடுவே பதின்மூன்று, என்னுடையதில் பதினான்கு. யாரும் எண்ணப்போவதில்லை என்று விட்டேன். இப்போது நான்தான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

பட்டையை வெட்டிவிட்டுக் குத்தக் கூடாது, குத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். 1.7 மி.மீ. அகலப் பட்டையைக் குத்தினால் அது சுருண்டு ஸ்பிரிங் ஆகிவிடும். அகலமான தகட்டில் வரிசையைக் குத்தி முடித்து, பிறகு இருபுறமும் ஸ்கேல் வைத்து நான்கைந்து மெல்லிய வெட்டில் பிரித்தேன்.

முதல் ஜோடிக் கர்டர்கள் இரண்டு வகையில் வீணாகின. ஒன்று, பசை. ஸ்டைரீனை ஒட்டும் நீர்த்த கரைப்பானைத் தூரிகையால் ஓரத்தில் தொட்டாலே இடுக்கு வழியாக உள்ளே ஓடிவிடும். அந்த வசதிக்காகத்தான் அதை வாங்குவோம். ஆனால் ரிவெட்டின் பின்பக்கம் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குழி. கரைப்பான் அந்தக் குழியில் தேங்கி, மெல்லிய கூரையை உள்ளிருந்து கரைத்தது. மறுநாள் காலை வரிசையில் பாதி ரிவெட்டுகள் அடுப்போரத்து வெண்ணெய் போல அமுங்கிக் கிடந்தன. இரண்டாவது, வளைவு. வெளிமுகத்தில் மட்டும் பட்டைகளும் ஸ்டிஃப்னர்களும் ஒட்டியிருந்தேன், உள்முகம் மொட்டை. நான்கு நாளில் இரண்டு கர்டர்களும் வாழைப்பழம் மாதிரி பக்கவாட்டில் வளைந்தன. 140 மி.மீ. நீளத்துக்கு நடுவில் 2 மி.மீ. கரைப்பான் காயும்போது ஒட்டிய பக்கம் சுருங்கி இழுக்கிறது. வெந்நீரில் போட்டு நிமிர்த்தப் பார்த்தேன். அது முறுக்கிக்கொண்டு வேறு திசையில் போனது.

இரண்டாவது ஜோடியில் மூன்று மாற்றங்கள். குத்திய தகட்டின் பின்பக்கம் சூப்பர் க்ளூ தடவிக் குழிகளை நிரப்பி, 400ஆம் எண் உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்தேன். அதன்பின் கரைப்பானுக்குத் தேங்க இடமில்லை. உள்முகத்திலும் அதே அளவில் ரிவெட் இல்லாத பட்டைகளையும் ஸ்டிஃப்னர்களையும் ஒட்டினேன். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் நேராக நிற்கும். ஒட்டியதும் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து இரண்டு நாள் பாரம் ஏற்றினேன். ரிவெட் நசுங்காமல் இருக்க வெளிமுகத்தின் பக்கம் மெல்லிய ஸ்பாஞ்ச். வெளியே எடுத்தபோது ஸ்டீல் ஸ்கேலுக்கும் கர்டருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்தும் அப்படியேதான் இருக்கிறது.

ஃபிளாஞ்ச் 0.5 மி.மீ. கனப் பட்டை. நடுத்தகட்டுக்குச் செங்குத்தாக ஒட்ட, 25 மி.மீ. மூலைமட்டம் ஒன்றைக் காந்தத்தால் இரும்புத்தட்டில் நிறுத்திக்கொண்டேன். இரண்டு கர்டர்களுக்கு நடுவே குறுக்குச் சட்டங்கள் நான்கு இடத்தில், இடையே பெருக்கல் குறி போலச் சாய்வுக் கம்பிகள். இதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை, சலிப்பான வேலை. முடிந்ததும் இரு முனையையும் கட்டையில் வைத்து நடுவில் 1 கிலோ எடை ஏற்றிப் பார்த்தேன். இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜில் 0.3 மி.மீ. தொய்வு. என் எஞ்சின் 350 கிராம்தான். பாலத்தின் பலத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கவலைப்படவே இல்லை, கவலைப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது.

வண்ணம். பழைய கர்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். தண்ணீரும் இலைச்சருகும் தங்கும் கீழ் ஃபிளாஞ்சின் மேல்பக்கம், ஸ்டிஃப்னரின் அடிமூலை, ஸ்லீப்பர் கட்டையிலிருந்து சொட்டுகிற இடம், எல்லாவற்றையும் விட பேரிங்கை, அதாவது கர்டரின் முனை உட்காரும் இரும்புத் தாங்கியை, சுற்றி. சுவரின் மேல் மண் சேர்ந்து ஈரம் காயாமலே இருப்பதால் முனைகள்தான் முதலில் அரித்திருந்தன. நடுத்தகட்டின் நடுப்பகுதியில் இன்னும் பெயின்ட்டே இருந்தது. துரு நிற அடிப்பூச்சு, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே, அது காய்ந்ததும் கருஞ்சாம்பல் அக்ரிலிக். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த தூரிகையால் தட்டினால் ஹேர்ஸ்பிரே இளகி மேல்பூச்சு செதில் செதிலாகப் பெயரும். அடித்த ஒரு மணிக்குள் செய்துவிட வேண்டும். ஒரு கர்டரை மறுநாளைக்கு வைத்தேன், பெயின்ட் அசையவில்லை, கடைசியில் பல்குத்தும் குச்சியால் சுரண்ட வேண்டியதாயிற்று. உண்மையைச் சொன்னால் சுரண்டிய கர்டர்தான் நன்றாக இருக்கிறது.

அதன்மேல் ஸ்பிரே மேட் லாக்கர் (பளபளப்பில்லாத காப்புப் பூச்சு), அதன்மேல் ஆல்கஹாலில் கரைத்த கறுப்பு மை. இந்த வரிசை தப்பு. ஆல்கஹால் பட்டதும் லாக்கர் வெளுத்து, பாலம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுபடி மெல்லிதாக ஒரு லாக்கர் அடித்ததும் வெளுப்பு பெரும்பாலும் மறைந்தது. மை முதலில், லாக்கர் கடைசியில். ஆல்கஹால் பக்கத்திலேயே இருக்க வேண்டாம்.

இனி பாலத்தை உட்கார வைக்கும் படலம்.

சுவரின் உச்சியை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று தொடக்கத்திலேயே கணக்குப் போட்டிருந்தேன்: தண்டவாளம் 2.1, ஸ்லீப்பர் 2.3, கர்டர் 14. கூட்டினால் 18.4. தண்டவாளத்தின் தலையிலிருந்து 18.4 மி.மீ. கீழே படுக்கைக் கல். ஃபோமை வெட்டியதும் சுவரை ஒட்டியதும் இந்தக் கணக்கில்தான். பாலத்தை வைத்தேன். பாதையைவிட 2 மி.மீ. தூக்கி நின்றது. கர்டர் கல்லின் மேல் நேராக உட்காராது, பேரிங் மேல்தான் உட்காரும். பேரிங்கின் உயரம் 2 மி.மீ. பாலத்துக்குப் போய்ப் படம் எடுத்து, அந்தப் பேரிங்கையே பெரிதாக்கிப் பார்த்து, அதன் போல்ட் தலைகளைக்கூடச் செய்தவன் அதைக் கூட்டலில் விட்டுவிட்டேன்.

கரைகளில் பாதையை 2 மி.மீ. உயர்த்தலாமா என்று யோசித்து, சோம்பலில் இரண்டு பக்கமும் சின்னச் சரிவு வைத்து ஒப்பேற்றினேன். அதுதான் முதல் "முடிந்தது". எஞ்சின் ஏறியது. பெட்டிகள் உச்சியில் ஒன்றையொன்று தூக்கி, கொக்கி கழன்று, மூன்றாவது பெட்டி உள்ளே விழுந்தது.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். ஸ்டைரீன் படுக்கைக் கற்களை நெம்பி எடுத்து, அவற்றின் அடியிலிருந்த பிளாஸ்டரைத் தட்டை அரத்தால் 2 மி.மீ. ராவி, கற்களைத் திரும்பப் பதித்தேன். ஒரு மூலையில் அரம் அரை மி.மீ. கூடுதலாகப் போய்விட்டது. ஸ்டைரீன் துண்டு வைத்து நிரவினேன். நான்கு பேரிங்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் போதாது, அத்தனை சிறிய தூரத்துக்கு அது பொய் சொல்லும். கண்ணாடித் துண்டை நான்கின் மேலும் வைத்து, மூலைகளை விரலால் தட்டிப் பார்த்தேன். டக் என்று சத்தம் வந்தால் அந்த மூலை தாழ்ந்திருக்கிறது. சத்தம் வராத வரை காகிதம் செருகினேன்.

பாலத்தின் ஒரு முனையை மட்டும்தான் ஒட்டியிருக்கிறேன். உண்மையான பாலத்திலும் ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை நகரும்படியாகவும்தான் இருக்கும். 12 மீட்டர் எஃகு, 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்குச் சுமார் 6 மி.மீ. நீளும். நகரும் முனையில் போல்ட்டுக்கு நீள்துளை இருந்ததை நேரில் பார்த்தேன். என் ஸ்டைரீன் எஃகைவிடப் பல மடங்கு நீளும் பொருள். 20 டிகிரிக்கு 0.2 மி.மீ. என்று கணக்கு வருகிறது. இரு முனையும் ஒட்டியிருந்தால் எங்காவது ஒன்று விட்டுக்கொடுத்திருக்கும்.

பாலத்துக்கான ஸ்லீப்பர்கள் சாதாரணப் பாதையில் இருப்பதைவிட நீளம், கனம், நெருக்கமும் அதிகம். 2.3 மி.மீ. சதுரக் குச்சியை 35 மி.மீ. துண்டுகளாக நாற்பது வெட்டினேன். 3.5 மி.மீ.க்கு ஒன்று. இடைவெளி ஒன்றாக வர 1.2 மி.மீ. பட்டைகளைத் தற்காலிகமாகச் செருகி ஒட்டி, பிறகு உருவினேன். ஒட்டியதும் மேல்பக்கத்தை நீளக் கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் ஒரே தேய்ப்பு. இல்லையென்றால் தண்டவாளம் சில கட்டைகளில் மட்டும் உட்காரும். ஓரத்தில் இரண்டு நீளக் கட்டைகள், நடுவில் இரண்டு காவல் தண்டவாளங்கள், முனைகளில் அம்பு போலக் குவிந்து சேரும். தடம் புரண்ட சக்கரம் பாலத்தைவிட்டு விலகிப் போகாமல் இழுத்துப் பிடிப்பதற்காக அவை. என் பெட்டிகளை அவை பிடிக்கவில்லை என்பது வேறு. குவியும் இடத்தில் இரண்டும் தொடாமல் அரை மி.மீ. வெட்டிவிட்டேன், தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுவதால் எதற்கும் இருக்கட்டும் என்று.

இரண்டாவது "முடிந்தது" இப்போது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கரை, பாலம், கரை மூன்றும் ஒரே மட்டம். கையால் ஒரு பெட்டியைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சினோடு விட்டேன். முதல் இரண்டு பெட்டி போயின, மூன்றாவது ஓடைக்குள்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று மாலைகள் ஆயின. சக்கரங்களின் இடைவெளியை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். தண்டவாள இணைப்பை அரத்தால் ராவினேன். பெட்டிகளின் வரிசையை மாற்றினேன், அப்போதும் மூன்றாவதாக வருவதுதான் விழுந்தது. கடைசியில் கைப்பேசியைப் பாதையின் மட்டத்தில் படுக்க வைத்து மெதுவாக ஓடும் வீடியோப் படம் எடுத்தேன். எஞ்சின் பாலத்தை நெருங்கும்போது கரையிலுள்ள பாதை கிட்டத்தட்ட 1 மி.மீ. அமுங்குகிறது. பாலம் அசையவே இல்லை. சுவரை ஒட்டி வெட்டிய ஃபோமின் ஓரம் மெத்தை மாதிரி இருந்திருக்கிறது. எடை இல்லாதபோது எல்லாம் சமம், எடை ஏறினால் ஒரு படிக்கட்டு. மறுமுனையில் எஞ்சின் கரையில் இறங்கும்போது அங்கேயும் அதே கதை, பின்னால் வரும் பெட்டி அந்த நேரத்தில் துள்ளுகிறது.

நிஜப் பாலங்களுக்கும் இதே நோய்தான். சுவரின் பின்னால் நிரப்பிய மண் அமுங்கும், பாலம் அமுங்காது, முனையில் வண்டி குதிக்கும்.

இரண்டு பக்கமும் 80 மி.மீ. நீளத்துக்குப் பாதையைப் பிரித்து, ஃபோமைத் தோண்டி, அடிப்பலகை வரை எட்டும் மரக்கட்டைகளை இறக்கினேன். அவற்றின் மேல் 3 மி.மீ. பிளைவுட் பட்டை, ஒரு முனை கட்டையில், மறுமுனை முனைச்சுவரின் முதுகில். அதன்மேல் பாதை. எடையைச் சுவர் வாங்கிக்கொள்கிறது, ஃபோம் சும்மா நிலமாக மட்டும் இருக்கிறது. மெதுவான படத்தில் இப்போது எதுவும் அசையவில்லை.

தண்ணீர் கடைசி. ஓடைப் படுகைக்குச் சலித்த மணல். 1 மி.மீ. மணல் இந்த அளவில் 9 செ.மீ. கூழாங்கல், அதனால் பெரும்பகுதி தேநீர் வடிகட்டியில் இறங்கியதுதான். இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்சி ரெசின், அளவைக் கண்ணால் பார்க்காமல் தராசில் நிறுத்தேன். 2 மி.மீ. அடுக்காக இரண்டு முறை ஊற்றினேன். முதல் அடுக்கு இரவோடு இரவாக ஃபோம் இணைப்பில் இருந்த ஊசித்துளை வழியாக இறங்கி மேசைக்கடியில் விழுதுவிட்டிருந்தது. ஊற்றும் முன் படுகை முழுவதும் இரண்டு கை பளபளப்பு வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். அடித்திருந்தால் மணலுக்குள்ளிருந்து காற்றுக் குமிழிகளும் எழும்பியிருக்காது. குமிழிகளை லைட்டர் சுடரை மேலே வேகமாக ஓட்டி உடைத்தேன். ரெசின் பிளாஸ்டர்ச் சுவரில் ஒன்றரை மி.மீ. ஏறி அங்கே கருநிறக் கோடு விழுந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. மூலப் பாலத்தின் படத்தைப் பார்த்தால் வெள்ளம் வந்துபோன தடம் அதே இடத்தில் அதே மாதிரி. விட்டுவிட்டேன்.

செலவு. ஆயத்தக் கிட் ஒன்றின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால்: ஸ்டைரீன் தகடும் பட்டையும் 38 (இதில் மூன்றில் ஒரு பங்கு வளைந்துபோன முதல் ஜோடி), கரைப்பானும் சூப்பர் க்ளூவும் 14, மரக்குச்சி 9, தண்டவாளம் 16, ஃபோமும் பிளாஸ்டரும் 11, ரெசின் 46, பெயின்ட் வகையறா 22. மொத்தம் 156. ரெசினில் பாதிக்கு மேல் மிச்சம், ஆனால் சின்னப் பாட்டிலாக விற்பதில்லை. நேரம் 58 மணி, தடம் புரண்டதை முறைத்துப் பார்த்த மாலைகளைச் சேர்க்கவில்லை. மிச்சம் பிடிக்க நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம்.

அடுத்த முறை பாலத்தை முழுதாக முடித்து, பேரிங்கும் மாட்டி, அதன் மொத்த உயரத்தை வெர்னியரில் அளந்த பிறகுதான் ஃபோமில் கத்தி வைப்பேன். 20.4 மி.மீ. என்று பென்சிலால் மேசையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பிளைவுட் பட்டைகளைத் தொடக்கத்திலேயே போடுவேன். மரைக்கம்பியின் கைப்பிடியில் ஒரு கிளிக் வைத்தால் எண்ணிக்கை தவறாது, சைக்கிள் ஃப்ரீவீல் ஒன்று அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். மை கலக்க ஆல்கஹாலுக்குப் பதில் தண்ணீரும் ஒரு துளி சோப்பும்.

ஒட்டாத முனையில் இடப்பக்கப் பேரிங்குக்கு அடியில் இன்னும் இரண்டு மடிப்புக் காகிதம் இருக்கிறது. ஸ்டைரீன் துண்டு வெட்டி மாற்ற வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் தொடவில்லை.